அவள் கேட்டாள், நான் சொன்னேன்

நேயர்களுக்கு வணக்கம். நம் மொரீஷியஸில் ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போகாத குடும்பம் குறைவு. சவுக்கு மரத்தடியில் பாய் விரித்துச் சாப்பிட்டு முடித்ததும் யாராவது ஒருவர் சேகா ஆட்டத்துக்கான தோல் மேளமான ரவானைக் கையில் எடுப்பார். உங்களையும் அந்த மரத்தடிக்கே கூப்பிடுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது, ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் கடற்கரை. ரவான்காரர் காய்ந்த தென்னோலையைக் கொளுத்தித் தோலுக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். ரவான் ஆட்டுத்தோல் அல்லவா, கடல்காற்றின் ஈரத்தில் தொய்ந்துவிடும். சூடு பட்டு விறைத்தால்தான் பேசும். தட்டிப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், மறுபடியும் தீயில் காட்டுவார். இப்போது பிளாஸ்டிக் தோல் போட்ட ரவான் வந்துவிட்டது, சூடே வேண்டாம். எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை. காற்று எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தானே அந்த ஆட்டம் தொடங்கும்!

சரி, ரவான் பேசத் தொடங்கியது. எங்கள் பக்கத்து வீட்டு கிரியோல் அத்தை, தாந்தின் என்று கூப்பிடுவோம், எழுந்து வந்து என் பாட்டியைப் பார்த்துக் கையை நீட்டினார். பாட்டிக்கு சேகா தெரியாது. தெரிந்ததெல்லாம் கும்மி. எதிரே போய் நின்று, குனிந்து ஒரு தட்டு தட்டினார். தாந்தின் அதற்கு இடுப்பை ஒரு சுற்றுச் சுற்றினார். பாட்டி நிமிர்ந்து இரண்டு தட்டு. தாந்தின் பாவாடையை இரு கையாலும் விரித்து முன்னே வந்தார். பாட்டி பின்வாங்கி, முந்தானையைச் செருகிக்கொண்டு, மறுபடி முன்னே போனார். ரவான்காரர் இரண்டு பேரையும் பார்த்துப் பார்த்துத் தாளத்தை ஓட்டினார். சுற்றி நின்றவர்கள் "ஆன்பா, ஆன்பா!" என்று கத்தினார்கள். கீழே, இன்னும் கீழே என்று அர்த்தம். தாந்தின் முட்டியை மடக்கி இறங்க இறங்க, கும்மியில் குனிந்து பழகிய என் பாட்டியும் சமமாக இறங்கினார். முட்டிவலிக்காரர்! ஆனால் இருவர் கையும் ஒருமுறைகூட ஒன்றையொன்று தொடவில்லை. பழைய சேகாவில் தொடுவதில்லை.

"பாட்டி, உனக்கு சேகா தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியாது. அவள் கேட்டாள், நான் சொன்னேன்" என்றார்.

நாற்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறேன். பாட்டி சொன்னதைத் தாண்டி என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. சேகாவை உண்டாக்கியவர்கள் யார்? மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் பிடித்துக்கொண்டுவரப்பட்ட அடிமைகள். ஒருவர் மொழி இன்னொருவருக்குத் தெரியாது. 1835-இல் விடுதலை வரும்வரை, வந்த பிறகும்கூட, உடம்பால் பேசிக்கொண்டார்கள். கால் தரையை விட்டு எழாது, மணலைத் தேய்த்துக்கொண்டே நகரும். மணலில் காலைத் தூக்கி ஆடிப் பாருங்கள், அடுத்த அடியில் தடுமாறுவீர்கள். மரவானைக் கேட்டிருப்பீர்கள். கரும்புப் பூத்தண்டை வரிசையாகக் கட்டி, உள்ளே விதை போட்டுக் குலுக்குவது. முதுகை ஒடித்த அதே கரும்பிலிருந்து ஒரு வாத்தியம்! 2014-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேகாவைச் சேர்த்தபோது நான் அழுதே விட்டேன்.

நம் கோலாட்டமும் அப்படிக் கேட்டுப் பதில் சொல்வதுதான். என் கோல் எதிராளியின் கோலைத் தேடிப் போக வேண்டும். அவள் கொஞ்சம் பிந்தினால் நான் காத்திருக்க வேண்டும். காற்றை அடித்தால் அது கோலாட்டமா?

எனக்கு வருத்தம் எங்கே என்றால், நானே ஒரு வகுப்பில் பல வருடம் கண்ணாடியைப் பார்த்து ஆடப் பழகினேன். ஆட்டம் சுத்தமாக வந்தது. ஆனால் பக்கத்தில் ஆடியவள் முகம் இன்று நினைவில் இல்லை. இப்போது கண்ணாடி இருந்த இடத்தில் கைபேசி. என் பிள்ளைகளிடம் கண்ணாடியைத் துணியால் மூடச் சொல்லிவிட்டேன். இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே நிற்பார்கள். ஒருத்தி ஓர் அசைவு, மற்றவள் அதற்குப் பதில். முதலில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், விளையாட்டுதானே! அப்புறம் அவர்களை அலையோரத்துக்கு அழைத்துப் போவேன். அலை வந்தால் பின்னே, போனால் முன்னே. ஒரு அலைபோல் இன்னொன்று வராது, அதனால் மனப்பாடம் செய்ய முடியாது. மறுபடியும் சொல்கிறேன், கேட்டுப் பதில் சொல்ல வேண்டும்.

தைப்பூசக் காவடி பற்றி நிறையப் பேச எண்ணி வந்தேன். இந்த ஒலிபரப்பு அறையின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார், இரண்டு நிமிடமாம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நமக்குத் தைப்பூசம் நல்ல கோடையில் வருகிறது. தார்ச்சாலை கொதிக்கும். வாசலில் நிற்கிறவர்கள் ரோட்டில் தண்ணீர் ஊற்றுவார்கள். ஈரத்தில் கால் பட்டதும் காவடிக்காரரின் நடை மாறும், தோளில் காவடி ஒரு துள்ளல் போடும். அடுத்த வருடம் அதைக் கவனித்துப் பாருங்கள்.

ஒரு விரல்தான் மிச்சம். வரும் ஞாயிறு கடற்கரைக்குப் போகிறவர்கள் வீட்டில் தோல் ரவான் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். தீப்பெட்டியும் மறக்க வேண்டாம். வணக்கம்.