வெத்து இடத்துக்கும் தடை போட்ட மினிஸ்டர்! ரொடீசியா ஸ்டாம்ப் வந்தாச்சு

ஹாய் மக்களே. ஃபேன் சத்தம் கேக்கும், பொறுத்துக்கோங்க, நிறுத்தினா வெந்துருவேன். போன வீடியோல பாதில ஏன் சத்தமே இல்லன்னு கேட்டீங்கல்ல, அது மைக் கோளாறு இல்ல, பின்னாடி டீக்கடைல பாட்டு ஓடிருக்கு, காப்பிரைட்னு சொல்லி மொத்தமா ம்யூட் பண்ணிட்டாங்க, செம காண்டு.

ஆனா இன்னிக்கு மூடு நல்லாருக்கு, ஏன்னா இந்த ஸ்டாம்ப்! ரொடீசியா, அதாவது இப்போதைய ஜிம்பாப்வே, அங்க வந்தது. தெரியுதா? புகையிலைச் செடி, பிரிட்டன் ராணி தலை, மேல "இண்டிபெண்டன்ஸ் 11 நவம்பர் 1965"னு அடிச்சிருக்கான். ஸ்டாம்ப் விக்கிற பெரியவர் 450 சொன்னாரு, நான் 300, அவர் ஆல்பத்தையே மூடிட்டாரு, நான் ரெண்டு தடவ போற மாதிரி நடிச்சு, கடைசில 380. பின்பக்கம் ஹின்ஜ் கறை வேற இருக்கு, ஆல்பத்துல ஒட்ட வைக்கிற குட்டிப் பசைத்தாள்தான் ஹின்ஜ், அத வீட்டுக்கு வந்துதான் பாத்தேன், சே.

சரி, கதை. ரொடீசியா அப்போ பிரிட்டனோட காலனி. அங்க ரெண்டு லட்சத்துச் சொச்சம் வெள்ளக்காரங்க, நாப்பது லட்சம் கருப்பின மக்கள ஆண்டுக்கிட்டு, பெரும்பான்மை ஆட்சி வந்துருமோன்னு பயந்து, பிரிட்டன்கிட்ட கேக்காமலே விடுதலைன்னு அறிவிச்ச நாள் அது. அப்போ தகவல் துறை துணை அமைச்சர் பி.கே. வான் டெர் பைல், ஸ்டாம்ப்ல இருக்கே புகையிலை, இவரு அத வெளைச்ச விவசாயிதான். அன்னிக்கே பேப்பருக்கெல்லாம் சென்சார். பேப்பர்காரங்க, சென்சார் வெட்டின இடத்த அப்படியே வெள்ளையா விட்டு அச்சடிச்சாங்க, பாத்தவுடனே ஜனத்துக்குப் புரிஞ்சிரும்ல? அதனால 1966ல வெத்து இடம் விடுறதே குத்தம்னு சட்டம்! என் வீடியோவுக்காவது ம்யூட் ஆனது தெரியுது.

அந்தாளு பேச்செல்லாம் அப்படியே லண்டன் பிரபு மாதிரி இருக்கும், எனக்கு அந்த பந்தாவே ஆகாது. பொறந்தது கேப் டவுன்ல. அய்யோ, இத முன்னாடியே சொல்லிருக்கணும், அவங்க அப்பாவும் தென்னாப்பிரிக்கால பிரதமர் ஸ்மட்ஸ் கேபினட்ல மினிஸ்டர்.

1968ல முழு அமைச்சர், 1974ல பாதுகாப்பும் வெளியுறவும் சேந்து கைக்கு வந்துச்சு, 1976ல பாதுகாப்பு போயிருச்சு. 1980ல கருப்பினத் தலைவர் முகாபே தேர்தல்ல ஜெயிச்சதும் ஊரவிட்டுக் கெளம்பிருப்பாருன்னுதான நெனக்கிறீங்க? இல்ல, வெள்ளக்காரங்களுக்குன்னு ஒதுக்கின சீட் 1987ல ஒழியிற வரைக்கும் பார்லிமெண்ட்லயேதான் இருந்தாரு.

ஆங், மறந்துட்டேன், இந்த ஸ்டாம்ப பிரிட்டன் ஒத்துக்கவே இல்ல. அப்போ இத ஒட்டின லெட்டர் அங்க போனா ஸ்டாம்பே ஒட்டாத கணக்குதான், வாங்குறவன்கிட்ட காசு கேப்பாங்க. அப்படி ஃபைன் போட்ட கவர் ஒண்ணு அதே பெரியவர்கிட்ட இருக்கு, 1200 சொல்றாரு. ஞாயித்துக்கிழமை மறுபடி போறேன், 700ல ஆரம்பிக்கலாமா, கமெண்ட்ல சொல்லுங்க.