பக்கத்து வீட்டு ரிட்டயர்டு போலீஸ்காரரும் முகமூடி விவகாரமும்

வணக்கம் மக்களே. இன்றைக்கு சமையலும் கிடையாது, ஷாப்பிங்கும் கிடையாது, காருக்குள் உட்கார்ந்து பேசுகிறேன், வெளியே காற்று அடிக்கிறது, மைக்கில் ஒன்றும் கேட்காது. ஊரில் இருந்து நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள்: அமெரிக்காவில் முகமூடி போட்டுக்கொண்டு ரோட்டில் ஆளைப் பிடித்து வண்டியில் ஏற்றுகிறார்களே, அது போலீஸா, எஃப்பிஐயா, யார் அது?

பெரும்பாலும் அது ஐஸ், அதாவது குடியேற்ற அமலாக்கத் துறை, கூடவே எல்லைக் காவல் படை. நம்ம ஊர் மாதிரி மாநிலத்துக்கு ஒரு போலீஸ் என்ற கணக்கு இங்கே கிடையாது. கிட்டத்தட்ட 18,000 போலீஸ் அமைப்புகள் இருக்கின்றன, ஊருக்கு ஒன்று, கவுண்டிக்கு (நம்ம மாவட்டம் மாதிரி) ஒன்று, யூனிவர்சிட்டிக்குக்கூட ஒன்று. ஐஸ், எஃப்பிஐ மாதிரி ஃபெடரல், அதாவது மத்திய அரசு ஏஜென்சிகள் தனிக் கதை.

எனக்கு இதெல்லாம் புரிந்தது பக்கத்து வீட்டுக்காரரால்தான். நியூ ஜெர்சியில் ஒரு சின்ன ஊர் போலீஸில் 25 வருஷம் முடித்து ரிட்டயர் ஆனவர். சனிக்கிழமை காலையில் கராஜ் கதவைத் திறந்து வைத்து நாலு நாற்காலி போடுவார். நியூயார்க் போலீஸில் இருந்த ஒரு நண்பர் வருவார், ஃபெடரல் ஏஜென்டாக இருந்த இன்னொருவர் வருவார். காபி என் வீட்டில் இருந்து, நம்ம ஃபில்டர் காபி. அதைக் குடித்துவிட்டு மூன்று பேரும் போடும் சண்டை இருக்கிறதே! ஒருவர் டிரம்புக்கு ஓட்டுப் போட்டவர், ஒருவர் அந்தப் பேரைக் கேட்டாலே எழுந்து போய்விடுவார், மூன்றாமவர் யாருக்குப் போட்டார் என்று இன்றுவரை சொன்னதில்லை.

முகமூடி விஷயத்தில் மட்டும் மூன்று பேரும் ஒரே பக்கம்: ஆளைப் பிடிக்கப் போகிறவன் முகத்தை மூடக் கூடாது. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் என் காரை வைத்தே செய்து காட்டினார். நான் டிரைவர் சீட்டில், அவர் பின்னால் இருந்து நடந்து வருகிறார். வரும்போதே டிக்கி மூடி மேல் உள்ளங்கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். எதற்கு என்று கேட்டேன். டிக்கி சரியாக மூடியிருக்கிறதா என்று பார்க்க, அதோடு கைரேகை பதியட்டும் என்று. டிரைவர் என்னைச் சுட்டுப்போட்டு ஓடினால்கூட இந்தக் காரைத்தான் நிறுத்தினேன் என்று தெரியணுமாம். அப்புறம் ஜன்னல் பக்கம் வந்து நெஞ்சில் பேர்ப் பட்டி இருந்த இடத்தைத் தட்டிக் காட்டினார். முதலில் என் பேர், அப்புறம் எந்த ஊர் போலீஸ், அப்புறம் ஏன் நிறுத்தினேன், அதற்குப் பிறகுதான் லைசென்ஸ் கேட்பேன் என்றார். எத்தனை வருஷம் பழக்கமோ, கையும் வாயும் தானாகவே வேலை செய்தது.

சும்மா வாய் வார்த்தைக்கு அவர்கள் இதைச் சொல்லவில்லை. 2025 ஜூனில் மினசோட்டாவில் என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? போலீஸ் வேஷத்தில் ரப்பர் முகமூடி போட்டு, போலீஸ் வண்டி மாதிரியே ஒரு வண்டியில் வந்து ஒருவன் வீட்டுக் கதவைத் தட்டினான். மாநில சட்டமன்ற உறுப்பினர் மெலிசா ஹார்ட்மேனும் கணவரும் கொல்லப்பட்டார்கள், இன்னொரு உறுப்பினரும் மனைவியும் குண்டடிபட்டார்கள். நிஜ ஏஜென்ட்டும் முகம் காட்டாமல், பேர் சொல்லாமல் வந்தால், கதவைத் திறப்பவர் எதை வைத்து நம்புவார்? நியூயார்க்காரர் இதற்கு மேல் போய், பேர் தெரியாத ஆள் இழுக்கும்போது திமிறத்தான் செய்வார்கள், அந்த இடத்தில் ஏஜென்ட்டுக்கும்தான் ஆபத்து என்றார்.

சரி, அந்தப் பக்க நியாயத்தையும் சொல்லணும். ஏஜென்ட்களின் போட்டோவையும் வீட்டு அட்ரஸையும் இணையத்தில் போடுகிறார்கள், குடும்பத்தை மிரட்டுகிறார்கள், அதனால்தான் மூடுகிறோம் என்கிறது அரசு. கலிபோர்னியா 2025 செப்டம்பரில் முகமூடிக்குத் தடை போட்டுச் சட்டம் கொண்டுவந்தது, மாநிலம் எங்களுக்குக் கட்டளை போட முடியாது என்று ஃபெடரல் அரசு கோர்ட்டுக்குப் போனது. நம்ம நாட்டிலும் இதற்கு ஒரு தொடர்பு உண்டு. 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட முதல் நிபந்தனையே இதுதான், கைது செய்யும் போலீஸ்காரர் பேரும் பதவியும் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும். மஃப்டியில் வந்து தூக்கிக்கொண்டு போகிற கதையெல்லாம் நமக்குத் தெரியாததா.

அப்புறம் 2026 ஜனவரி. மினியாபோலிஸில் ஒரே மாதத்தில் இரண்டு பேர் ஃபெடரல் ஏஜென்ட்களின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். முதலில் இறந்தவர் காருக்குள் இருந்த பெண். காரை ஏற்றிக் கொல்லப் பார்த்தார், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது அரசு. நியூயார்க்காரர் அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தார் என்று தெரியவில்லை, போனைப் பிடித்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். ஓடுகிற காரைச் சுடாதே என்று நியூயார்க் போலீஸ் 1972-லேயே விதி போட்டுவிட்டது. காருக்கு முன்னால் போய் நிற்காதே, நின்றாலும் விலகு, டிரைவரைச் சுட்டால் கார் நிற்குமா, அதுபாட்டுக்குப் போய் யார் மேலாவது இடிக்கும், இதுதான் அவர் படித்த பாடம். அவருக்குக் கோபம் அதைவிட இன்னொன்றில். அந்த வழக்கை விசாரிக்க வந்த மினசோட்டா மாநிலப் புலனாய்வு அமைப்பை எஃப்பிஐ ஒதுக்கிவிட்டது. “தன் ஆள் சுட்டதைத் தானே விசாரிப்பானா?” என்று கத்தினார். தெருக்கோடியில் நாய் குரைத்தது.

எஃப்பிஐ பேச்சு வந்தால் ஃபெடரல்காரருக்கு முகமே மாறிவிடும். எட்கர் ஹூவர் என்ற டைரக்டர் ஒரே ஆளாக 48 வருஷம் அங்கே ராஜ்ஜியம் பண்ணினார். அதற்குப் பிறகுதான் டைரக்டருக்கு 10 வருஷம் என்று 1976-இல் சட்டம் போட்டார்கள், அரசியல் கை நீளக் கூடாது, ஒரே ஆளும் வேரூன்றக் கூடாது என்று. இப்போது பாருங்கள், டைரக்டராக இருந்த கோமியை 2017-இல் டிஸ்மிஸ் செய்தார்கள், அடுத்து வந்த ரே பத்து வருஷம் முடியும் முன்பே 2025 ஜனவரியில் கிளம்பினார், கஷ் படேல் செனட்டில் 51-49 என்று தப்பி உள்ளே வந்தார். இடையில் தற்காலிகப் பொறுப்பில் இருந்த பிரையன் டிரிஸ்கால், ஜனவரி 6 வழக்குகளில் (2021-இல் டிரம்ப் ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்த விவகாரம்) வேலை செய்த ஏஜென்ட்களின் பட்டியலைக் கேட்டபோது முரண்டு பிடித்தார், 2025 ஆகஸ்டில் அவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள், அவர் வழக்குப் போட்டிருக்கிறார். மேலே இருந்து கொடுத்த கேஸைப் பார்த்தவனைப் பட்டியல் போட்டால் நாளைக்கு எவன் கேஸ் எடுப்பான் என்பது ஃபெடரல்காரரின் கேள்வி.

ஆனால் டிரம்புக்கு ஓட்டுப் போட்ட பக்கத்து வீட்டுக்காரர் விடவில்லை. அதற்கு முன்னால் மட்டும் யோக்கியமாக இருந்தார்களா என்று கேட்டார். 2016-இல் டிரம்பின் தேர்தல் ஆலோசகராக இருந்த கார்ட்டர் பேஜை ஒட்டுக்கேட்க வாங்கிய அனுமதியில் 17 பெரிய தவறுகள், விடுபடல்கள் என்று எஃப்பிஐக்கு மேலே இருக்கும் நீதி அமைச்சகத்தின் சொந்த இன்ஸ்பெக்டர் ஜெனரலே, அதாவது உள் கண்காணிப்பு அதிகாரியே, 2019-இல் எழுதினார், எஃப்பிஐ வக்கீல் ஒருவர் ஈமெயிலைத் திருத்தியதாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஃபெடரல்காரர் இதற்கு ஒன்றும் சொல்லவில்லை, காபியைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். எனக்கு இந்த இடத்தில் அவர்கள் மேல் மரியாதை கூடியது, சும்மா சொல்லக் கூடாது.

இவ்வளவையும் கேமரா முன்னால் வந்து சொல்லுங்கள் என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டேன். முகத்தை மூடாதே என்று ஒரு மணி நேரம் பேசிய மனுஷன் முடியவே முடியாது என்றுவிட்டார். பேரும் சொல்லக் கூடாது, ஊரும் சொல்லக் கூடாது. ஏன் என்றேன். அவர் பையன் இப்போது போலீஸில் இருக்கிறானாம், போன வருஷம்தான் கல்யாணம் ஆகியிருக்கிறது, அவன் வீட்டு அட்ரஸ் எவன் கையிலாவது போய்விடுமோ என்று பயம். அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார். கராஜ் கதவை இறக்கிவிட்டு உள்ளே போனார்.

சரி மக்களே, ஸ்கூல் விட்டாச்சு, பிள்ளைகளைக் கூப்பிடப் போகணும். வருகிறேன்.