4.4-ஐ விட்டு 4.1-க்கு வந்தேன், கேம் வேகமானது: ரைசன் 5600-ம் 5700எக்ஸ்3டி-யும்

வணக்கம் நண்பர்களே. கையில் இருக்கும் பெட்டியைப் பார்த்ததுமே உங்களுக்குப் புரிந்திருக்கும். ஆமாம், ஏஎம்டியின் ரைசன் 7 5700எக்ஸ்3டி பிராசஸர் வந்துவிட்டது! ரேம் விலையைப் பற்றி நான் கொதித்துப் பேசிய வீடியோவைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். ஏஐ சர்வர்களுக்கே மெமரி எல்லாம் போய், 2025 கடைசியில் ஏற ஆரம்பித்த விலை எனக்கு இன்னும் ஆறவில்லை. ஏஎம்டியின் புது சாக்கெட்டான (போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்) ஏஎம்5 பக்கம் போனால் டிடிஆர்5 என்ற புது வகை ரேம் மட்டும்தான் போட முடியும். புது போர்டு, புது ரேம், புது பிராசஸர் என்று மூன்றுக்கும் ஒரே மாதத்தில் காசு கொட்ட எனக்கு மனசே வரவில்லை.

அதனால் பழைய ஏஎம்4 சாக்கெட்டும் டிடிஆர்4 ரேமும் உள்ள நம்ம பி450 மதர்போர்டிலேயே இருந்துவிட்டேன். ரைசன் 5 2600 போட்டு ஆரம்பித்த அதே போர்டுதான். அப்புறம் 5600, இப்போது இது. ஒரே போர்டில் மூன்றாவது பிராசஸர். ஏஎம்4 மேல் எனக்கு இருக்கும் பாசத்துக்கு இதுதான் காரணம். இன்டெல்லின் எல்ஜிஏ1200 சாக்கெட் இரண்டே தலைமுறையோடு முடிந்துபோனது. வாங்குகிறவனை மதிக்கிற விஷயம் எது என்று என்னிடம் கேட்டால் நான் சாக்கெட்டைத்தான் சொல்வேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் பழைய ஸ்டாக் ஒன்று மிச்சம் இருந்தது. பில் போடும் நேரத்தில் கடைக்காரர், "ஏன் தம்பி, 4.4 கையில வச்சுக்கிட்டு 4.1-க்கு வர்றீங்க? வேகம் குறையுமே" என்றார். எனக்கு ஏறிவிட்டது. அவர் மேல் கோபமில்லை, நல்ல மனிதர். ஆனால் இத்தனை வருஷம் கழித்தும் பிராசஸர் என்றால் கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் என்று பேசுவதைக் கேட்டால் எனக்குத் தாங்காது. இந்த வீடியோவே அதற்காகத்தான்.

காகிதத்தில் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். 5600-க்கு 6 கோர், 12 திரெட், பூஸ்ட் (அதிகபட்ச வேகம்) 4.4 கிகாஹெர்ட்ஸ், எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான சின்ன மெமரி) 32 எம்பி. 5700எக்ஸ்3டி-க்கு 8 கோர், 16 திரெட், பூஸ்ட் 4.1, எல்3 கேஷ் 96 எம்பி. இரண்டும் ஒரே ஜென் 3 வடிவமைப்பு. அதனால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெளிவாகப் பார்க்கலாம். எனக்கு இந்த ஒப்பீடு பிடித்ததே அதனால்தான்.

அந்தக் கூடுதல் 64 எம்பி எங்கே இருக்கிறது தெரியுமா? பக்கத்தில் இல்லை, தலைக்கு மேலே. சிப்பின் மேல் இன்னொரு சிலிக்கான் துண்டை, நடுவில் ஈயம் வைக்காமல், செம்போடு செம்பு நேராக ஒட்டி அடுக்கியிருக்கிறார்கள். எதற்கு இவ்வளவு பாடு? கோர் ஒன்று தனக்கு வேண்டிய டேட்டாவை எல்3-யிலிருந்து எடுக்க ஐம்பது சைக்கிளை, அதாவது ஐம்பது கடிகாரத் துடிப்பை, ஒட்டித்தான் ஆகும். அங்கே இல்லையென்றால் ரேமுக்குப் போக வேண்டும். போய்வர 70, 80 நானோசெகண்ட். 4.1 கிகாஹெர்ட்ஸில் அது 300 சைக்கிளைத் தொடும். அத்தனை நேரமும் அந்த வேலை அப்படியே நிற்கும். அஞ்சறைப் பெட்டி அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பதற்கும், ஒவ்வொரு முறை கடுகுக்குக் கடைக்கு ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. கடைக்கு ஓடிக்கொண்டிருப்பவரின் கை எவ்வளவு வேகமாக இருந்து என்ன பயன்?

வேகம் ஏன் குறைந்தது என்பதற்கும் அதே அடுக்குதான் காரணம். மேலே இன்னொரு அடுக்கு இருப்பதால் சூடு வெளியேறத் தடை, வோல்டேஜையும் ஏற்ற முடியாது. அதனால் கடிகார வேகத்தை, அதாவது கிகாஹெர்ட்ஸை, இறக்கியிருக்கிறார்கள், வழக்கமான ஓவர்கிளாக்கிங்கும் பூட்டப்பட்டிருக்கிறது. இதன் அண்ணன் 5800எக்ஸ்3டி-யை 2022 ஜனவரியில் அறிவித்தபோது, 1080பி (ஃபுல் எச்டி திரை) கேம்களில் தங்களுடைய 12 கோர் 5900எக்ஸை விட சராசரியாக 15 சதவீதம் வேகம் என்று ஏஎம்டி சொன்னது. 5900எக்ஸின் பூஸ்ட் 4.8, 5800எக்ஸ்3டி-யின் பூஸ்ட் 4.5. கடைக்காரர்களுக்கு இந்த ஒரு வரியைப் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கலாம் போலிருக்கிறது.

இப்போது மாற்றும் வேலை. இதைப் பற்றி நான் நிறையப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏஎம்4-இல் பின்கள் பிராசஸரின் அடியில் இருக்கும். பழைய கூலரை நேராகத் தூக்கினால், நடுவில் சூட்டைக் கடத்தத் தடவிய பேஸ்ட் காய்ந்து பிடித்துக்கொண்டு, பிராசஸரே சாக்கெட்டிலிருந்து பிய்ந்து கூலரோடு வந்துவிடும். லீவர் பூட்டியிருந்தாலும் வரும்! பின் வளைந்தால் அன்றைக்குத் தூக்கம் போச்சு. நான் என்ன செய்தேன்? முதலில் பிராசஸரின் வேகத்தைச் சோதிக்கும் சினிபெஞ்ச் மென்பொருளைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு 5600-ஐ நன்றாகச் சூடாக்கினேன். உடனே பவரை நிறுத்தி, ஒயரைப் பிடுங்கி, நான்கு ஸ்க்ரூவையும் குறுக்குக் குறுக்காகக் கழற்றி, தூக்காமல் இடமும் வலமுமாக மெதுவாகத் திருகினேன். டக்கென்று ஒரு சின்னச் சத்தம். விட்டுவிட்டது! பிராசஸர் சாக்கெட்டிலேயே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. எனக்கு அந்த நிமிஷம் இருந்த சந்தோஷம் பெஞ்ச்மார்க் பார்த்தபோதுகூட இல்லை. சூடாக்கி, திருகி, அப்புறம் தூக்குங்கள். தயவுசெய்து.

கூலர் கதையையும் சொல்லிவிடுகிறேன். 5600 பெட்டியில் சின்ன கூலர் ஒன்று சேர்ந்தே வரும். 5700எக்ஸ்3டி பெட்டியில் கூலரே கிடையாது. இதைக் காரணம் காட்டி இன்னொரு கடையில், 240 மில்லிமீட்டர் வாட்டர் கூலர் இல்லாமல் இது எரிந்துவிடும் என்று சொல்லி விற்கப் பார்த்தார்கள். எரியாது! அட்டையில் 105 வாட் என்று போட்டிருந்தாலும், கேம் ஓடும்போது அதன் பக்கத்தில்கூடப் போவதில்லை. இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஒற்றை டவர் ஏர் கூலர் தாராளமாகப் போதும். பளபளவென்று எரியும் விளக்குக்காக ஏழாயிரம், எட்டாயிரம் கொடுக்கவைப்பது எனக்கு அறவே பிடிக்காத வியாபாரம்.

சரி, முடிவுகள். திரையில் ஓடும் கிராஃபைப் பாருங்கள். சினிபெஞ்ச் ஆர்23-இல் ஒற்றைக் கோரில் 5600 முந்துகிறது, கடிகாரம் கூட என்பதால் அது நியாயம்தான். எல்லாக் கோரும் சேர்ந்தால் 5600 பதினோராயிரத்தை ஒட்டி, 5700எக்ஸ்3டி பதின்மூன்றாயிரத்தை ஒட்டி. அது கூடுதல் இரண்டு கோரின் வேலை, கேஷின் வேலை இல்லை.

கேம்தான் மேட்டர். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் பெரிய நகரத்தின் மேல் தாழப் பறக்கும்போது 5600-இல் வரும் அந்த இழுப்பு உங்களுக்கு நினைவிருக்கும். எத்தனை வீடியோவில் அதைத் திட்டியிருக்கிறேன்! இப்போது வழுக்கிக்கொண்டு போகிறது. பல்டர்ஸ் கேட் 3-இன் மூன்றாம் அங்கத்தில் நகரத்துக்குள் நுழைந்தால் வரும் திக்கலும் பெருமளவு போய்விட்டது. சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) ஏறியதைவிட 1% லோ ஏறியதுதான் எனக்கு முக்கியம். படம் சட்டென்று தடுக்கி நிற்கும் மோசமான நொடிகளை அந்த எண்தான் காட்டும், கண் உணர்வதும் அதைத்தான். கவுண்டர் ஸ்ட்ரைக் 2-இல் புகை, துப்பாக்கிச் சூடு எல்லாம் ஒரே இடத்தில் குவியும்போது வித்தியாசம் கையிலேயே தெரிகிறது. ஃபேக்டோரியோவிலும் அமோகம், ஆனால் தொழிற்சாலை ராட்சத அளவுக்கு வளர்ந்தால் 96 எம்பி-க்கும் அடங்காமல் முன்னிலை சுருங்குகிறது.

இரண்டு விஷயம் விட்டுப்போச்சு, திரும்பிப் போகிறேன். போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் பழைய பிராசஸர் இருக்கும்போதே புதுப்பித்துவிடுங்கள். புதுப்பித்ததும், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி அமைப்பு அணைந்துபோகும். திரும்பப் போடாவிட்டால் 3200 ரேம் அதைவிடக் குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இன்னொன்று இதைவிட முக்கியம். புது பிராசஸரோடு முதல் தடவை ஆன் செய்யும்போது, எஃப்டிபிஎம்-ஐ (பூட்டுச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி) ரீசெட் செய்யலாமா என்று கறுப்புத் திரையில் கேட்கும். உங்கள் டிரைவ் விண்டோஸின் பிட்லாக்கரில் பூட்டியிருந்தால், ரெகவரி கீ கையில் இல்லாமல் ஒய் (Y) அழுத்தினால் டேட்டா போச்சு. கீயை முதலில் போனிலோ காகிதத்திலோ எழுதிவையுங்கள். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே.

அப்படியானால் 5600 வைத்திருக்கும் எல்லோரும் மாற வேண்டுமா? வேண்டாம். 4கே-யில் விளையாடுகிறீர்களா? அங்கே கிராஃபிக்ஸ் கார்டுதான் மூச்சு வாங்கும், பிராசஸர் மாற்றினால் பெரிதாக ஒன்றும் தெரியாது. வீடியோ எடிட்டிங், ரெண்டரிங்தான் முழு வேலையா? அப்போது 5700எக்ஸ் வாங்குங்கள், 3டி இல்லாதது. அதே 8 கோர், பூஸ்ட் 4.6, காசும் மிச்சம். அந்த வேலைகளுக்கு இந்தக் கேஷ் பெரிதாக உதவாது. 1080பி-யில் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், ஓரளவு நல்ல கார்டு, சிமுலேட்டரோ ஷூட்டரோ விளையாடும் பழக்கம், கையில் ஏஎம்4 போர்டு, டிடிஆர்4 ரேம். இது உங்கள் கதையென்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். புதிதாகக் கிடைப்பது அரிதாகிவிட்டது. பழசாக வாங்கினால் பின்களை வெளிச்சத்தில் வரிசை வரிசையாகப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

என்னுடைய 5600 சித்தப்பா பையனுக்குப் போகிறது. அதில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாமல் திரையே வராது. அவனுக்கு இரண்டாயிரம், மூன்றாயிரத்துக்கு ஒரு பழைய கார்டு தேட வேண்டும். அடுத்த வாரம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் அந்த வேட்டைதான்.