புராஸ்டேட் புற்றுநோய் திரும்புமா: புரதங்கள் தரும் முன்னறிவிப்பு

நேயர்களுக்கு வணக்கம். புற்றுநோய்க்காகப் புராஸ்டேட் சுரப்பியை முழுவதுமாக அகற்றிக்கொண்ட ஒருவருக்கு, ஒன்றரை மாதத்துக்குள் ரத்தத்தில் பிஎஸ்ஏ என்னும் புரதம் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட வேண்டும். விந்தை நீர்க்கச் செய்வதற்காக அந்தச் சுரப்பியின் செல்கள் சுரக்கும் நொதி அது. சுரப்பியே இல்லாத உடலில் அது மீண்டும் தலைகாட்டி, மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராமை எட்டி, மறுபரிசோதனையிலும் உறுதியானால், நோய் திரும்பியதாகக் கணக்கில் கொள்கிறோம். கதிர்வீச்சு மட்டும் பெற்றவருக்குச் சுரப்பி உள்ளேயே இருப்பதால், இறங்கிய மிகக் குறைந்த அளவிலிருந்து 2 நானோகிராம் ஏறினால்தான் அவ்வாறு கொள்வோம்.

அந்த எண்ணைக் கண்டதும் பலர் இடிந்துபோகிறார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வை அவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அறுவைக்குப் பின் பிஎஸ்ஏ ஏறிய 304 பேரை, நோய் வேறிடங்களுக்குப் பரவியது தெரியும்வரை ஹார்மோன் சிகிச்சை தராமல் கவனித்தபோது, அப்படிப் பரவுவதற்கு ஆன காலத்தின் நடுமதிப்பு 8 ஆண்டுகள். ஆனால் எல்லோருக்கும் அவ்வளவு அவகாசம் கிடைக்கவில்லை. யாருக்குப் பிஎஸ்ஏ அளவு வேகமாக இரட்டிக்கிறதோ, புற்றுச்செல்களின் அமைப்பை நுண்ணோக்கியில் பார்த்து வீரியத்தைக் கணிக்கும் கிளீசன் மதிப்பெண் யாருடைய கட்டிக்கு அதிகமோ, அவர்களுக்கு நோய் விரைந்து பரவியது.

பிஎஸ்ஏ ஏறும்வரை காத்திராமல், நோய் திரும்புமா என்பதை அகற்றிய சதையிலிருந்தே முன்கூட்டி அறிய முடியுமா என்பதுதான் என்னைப் போன்ற நோய்க்குறியியல் மருத்துவர்களின் கேள்வி. மெழுகில் பதித்து வைத்த அந்தச் சதையைத் தலைமுடியைவிட மெல்லியதாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டி, குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை அதன்மேல் விட்டுச் சாயமேற்றினால், புரதம் உள்ள இடம் பழுப்பாகத் தெரியும். ஜெர்மனியின் கீல் நகரத்தின் பெயரைத் தாங்கிய கேஐ-67 என்னும் புரதம், பிரிந்து பெருகும் செல்களின் உட்கருவில் மட்டுமே பழுப்பைக் காட்டும். பீட்டென் என்பது செல்லின் வளர்ச்சிக்குத் தடை போடும் புரதம். அதை இழந்த புற்றுச்செல்கள் பின்னணிச் சாயத்தின் வெறும் நீலமாக நிற்க, பக்கத்திலேயே இயல்பான செல்கள் பழுப்பாக இருப்பதை நுண்ணோக்கியில் பார்க்கும்போது, தடை அறுந்த இடம் கண்ணெதிரே தெரிகிறது.

கேஐ-67 மிகுந்த கட்டியும் பீட்டென் இழந்த கட்டியும் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும் இவற்றைக் கிளீசன் மதிப்பெண்ணோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புராஸ்டேட் கட்டியில் கேஐ-67 பெரும்பாலும் நூற்றுக்குச் சில செல்களில்தான் தெரியும். எண்ணுபவர் மாறினால் முடிவும் மாறும். ஒரே கட்டியின் ஒரு மூலையில் பீட்டென் இருக்கும், மறு மூலையில் இருக்காது.

தவிர, ஒரு குறியீடு சிகிச்சையை மாற்ற உதவினால்தான் அதனால் நோயாளிக்குப் பயன். பிஎஸ்ஏ அப்படிப்பட்டது. பிரிட்டன் முன்னின்று நடத்தி 2020-இல் வெளியிட்ட ராடிகல்ஸ் ஆய்வில், அறுவை முடிந்ததும் கதிர்வீச்சு தருவது, பிஎஸ்ஏ ஏறும்போது தருவதைவிட மேலான பலனைத் தரவில்லை. சிறுநீர்த் தொல்லைதான் கூடியது. அதனால் இன்று பலரைக் கதிர்வீச்சின்றியே கண்காணிக்க முடிகிறது. ஆகவே அறுவை செய்துகொண்டவர்கள் பிஎஸ்ஏ பரிசோதனையை இயன்றவரை ஒரே ஆய்வகத்தில் செய்து, தேதியோடு எழுதி வையுங்கள். வேறு மருத்துவமனைக்கு மாறும்போது, பயாப்சி அறிக்கையோடு, சதையைப் பதித்து வைத்த அந்த மெழுகுத் துண்டையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள்.