ரோட்டை விட தாழ்ந்த சைட்: மண்ணடிச்சிட்டுக் கட்டணுமா, கட்டிட்டு மண்ணடிக்கணுமா?

அடுத்த கேள்விக்குப் போயிடலாம். பெங்களூர் கே.ஆர்.புரம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா அனுப்பியிருக்காங்க. படிச்சிடறேன். "எங்களுக்கு 30-க்கு 40 சைட் இருக்கு. ரோட்டை விட மூணு அடி தாழ்வு. தரைத்தளத்துல நாங்க இருந்துக்கிட்டு, மேல ரெண்டு மாடி கட்டி வாடகைக்கு விடலாம்னு இருக்கோம். மேஸ்திரி சொல்றார், முதல்ல ரோட்டு மட்டத்துக்கு மண்ணடிச்சிடலாம், அப்புறம் அஞ்சு அடி தோண்டி ஃபுட்டிங் போட்டா போதும், பெங்களூர் மண்ணு கெட்டி மண்ணு, சாயில் டெஸ்ட் எல்லாம் வேண்டாம்னு. அவர் சொல்றபடி செய்யலாமா? கடைக்கால் தோண்டறதுக்கு முன்னாடி வேற என்ன பார்க்கணும்?"

மண்ணடிக்கிறதை முதல்ல நிறுத்துங்கம்மா. லாரிக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தாக்கூட நிறுத்துங்க.

ஏன்னு கணக்கு போட்டுப் பாருங்க. ஃபுட்டிங்ங்கறது பில்லருக்கு அடியில வர்ற அகலமான கான்கிரீட் பாதம். மூணு அடி மண்ணடிக்கிறீங்க. அதுக்கு மேல நின்னு அஞ்சு அடி தோண்டறாங்க. அப்போ பழைய தரைக்குள்ள நீங்க இறங்கினது ரெண்டே அடி. அதுலயும் மேல ஒரு அடி, ஒண்ணரை அடி புல்லு வேரும் குப்பையும் கலந்த லூஸ் மண்ணு. ஆக, மூணு தளத்து வீட்டைத் தாங்கப் போறது அரை அடி ஆழத்துல இருக்கிற மண்ணு. "அஞ்சு அடி"ன்னு கேக்க நல்லாத்தான் இருக்கும். எங்கிருந்து அஞ்சு அடின்னு கேக்கணும். எப்பவும் இயற்கையான தரை மட்டத்துல இருந்துதான் ஆழத்தை அளக்கணும், நாம கொட்டின மண்ணுக்கு மேல இருந்து இல்ல.

"பெங்களூர் மண்ணு கெட்டி"ங்கறது பாதி உண்மை. மேட்டுப் பகுதியில சிவப்பா சரளை கலந்த மண்ணு, அதுக்குக் கீழ மக்கின பாறை, அப்புறம் கருங்கல். அங்க அவர் சொன்ன மாதிரியே அஞ்சு அடியில அருமையான தரை கிடைக்கும். ஆனா இந்த ஊரு மேடும் பள்ளமுமா இருக்கிற ஊரு. பள்ளத்துல எல்லாம் கெரே, அதாவது ஏரி, ஒரு கெரே நிரம்பி அடுத்த கெரேக்குத் தண்ணி போற ராஜகாலுவேங்கற கால்வாய், அதை ஒட்டி வயல். அந்த வயல்ல விழுந்த லேஅவுட்டுங்க நிறைய. அங்க தோண்டினா கறுப்பா களிமண்ணு, வண்டல், அதுக்கு மேல யாரோ கொட்டின கட்டட இடிபாடு. உங்க சைட் தாழ்வா இருக்கிறது ரோட்டைத் திரும்பத் திரும்ப உயர்த்தினதாலயா, இல்ல இடமே பள்ளத்துல இருக்கறதாலயா? இதுக்கு விடை தெரியாம ஒரு கோடு பிளான் வரையக்கூடாது.

திஷாங்க்னு கர்நாடக அரசோட ஆப் இருக்கு. சைட்ல நின்னு திறந்தீங்கன்னா அந்த சர்வே நம்பரும் பக்கத்துல கெரே, காலுவே ஓடுதாங்கறதும் தெரியும். காலுவே பக்கத்துல இருந்தா மண்ணை விட பெரிய பிரச்சினை ஒண்ணு இருக்கு. 2015 மாஸ்டர் பிளான்படி முதல் நிலைக் காலுவேக்கு நடுவுல இருந்து 50 மீட்டர், ரெண்டாம் நிலைக்கு 25, மூணாம் நிலைக்கு 15 மீட்டர் வரைக்கும் கட்டக்கூடாத பட்டை. அதுக்குள்ள சைட் விழுந்தா, ஃபவுண்டேஷனை எவ்வளவு பலமா போட்டும் பிரயோஜனம் இல்ல.

அடுத்து ட்ரையல் பிட், அதாவது சோதனைக் குழி. ஜேசிபியை வரவச்சு ரெண்டு இடத்துல ஏழு எட்டு அடி தோண்டிப் பாருங்க. ஒண்ணு ரோட்டுப் பக்கம், சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணித் தொட்டி, வரப்போற இடத்துல. இன்னொண்ணு இருக்கறதுலயே தாழ்வான மூலையில, எல்லையை ஒட்டிக் கட்டாம விடற செட்பேக்குக்குள்ள. பில்லர் வரக்கூடிய இடத்துல தோண்டாதீங்க. கலைச்ச மண்ணைத் திரும்பப் போட்டா பழைய கெட்டி வராது, ஃபுட்டிங் அங்க வந்தா அந்த ஒரு பில்லர் மட்டும் இறங்கும். பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டியும் தோண்டாதீங்க.

குழியோட அடியைப் பார்க்கிறதை விட பக்கவாட்டைப் பாருங்க. கலையாத மண்ணா இருந்தா ஜேசிபி பல்லு கீறின தடம் அப்படியே நிக்கும். கொட்டின மண்ணா இருந்தா தடம் நிக்காது, பொலபொலன்னு உதிரும், நடுவுல பாலித்தீன், செங்கல் துண்டு, டைல்ஸ் சில்லு எட்டிப் பார்க்கும். சிவப்பா இருக்குன்னு மட்டும் ஏமாறாதீங்க, கொட்டறதும் பெரும்பாலும் இங்க செம்மண்ணுதான். கறுத்து, சேத்து வாடை அடிச்சா அது பழைய கெரே, இல்லன்னா வயல். மேல நின்னே பாருங்க, குழிக்குள்ள யாரும் இறங்க வேண்டாம். அந்த ஆழத்துக்கு நேர் செங்குத்தா வெட்டின குழி சரிஞ்சா ஆளை எடுக்க முடியாது. பார்த்து, போட்டோ எடுத்ததும் அன்னைக்கே மூடிடுங்க.

ட்ரையல் பிட் நல்லா இருந்தாலும் சாயில் டெஸ்ட் பண்ணத்தான் சொல்வேன், ஏன்னா நீங்க மூணு தளம் கட்டறீங்க. மண்ணைச் சோதிக்க ரெண்டு இடத்துல போர், அதாவது துளை, போடச் சொல்லுங்க. ஃபுட்டிங் அகலத்தைப் போல ஒண்ணரையிலிருந்து ரெண்டு மடங்கு ஆழம், அதுவும் ஃபுட்டிங்கோட அடிமட்டத்துக்குக் கீழ போகணும். சாதாரணமா தரையில இருந்து 15, 20 அடி வரும். அவங்க பண்றது எஸ்பிடி டெஸ்ட்: 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்துல இருந்து விட்டு, கடைசி 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை தடவை அடிக்க வேண்டியிருக்குன்னு எண்ணுவாங்க. ரிப்போர்ட்ல மூணு விஷயம் தெளிவா இருக்கணும். எந்த ஆழத்துல எவ்வளவு பாரம் தாங்கும், நிலத்தடி நீர் எந்த மட்டத்துல இருந்தது, எந்த மாதிரி ஃபவுண்டேஷன். பக்கத்து சைட் ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து உங்க பேரைப் போட்டுக் கொடுக்கிறவங்களும் இருக்காங்க, அதனால போர் போடும்போது நேர்ல இருங்க. மொத்த பட்ஜெட்ல இதுக்கு ஆகறது ஒரு சதவீதம்கூட வராது.

மண்ணு எவ்வளவு பாரம் தாங்கும்ங்கற அந்த நம்பர் என்ன பண்ணும்னு பாருங்க. 12 அடிக்கு ஒரு பில்லர்னு வச்சா, தரைத்தளமும் ரெண்டு மாடியும் சேர்ந்து நடுப் பில்லர்ல ஏறக்குறைய 50 டன் பாரம் இறங்கும். மண்ணு ஒரு சதுர மீட்டருக்கு 20 டன் தாங்கினா, ரெண்டரை சதுர மீட்டர் ஃபுட்டிங் போதும். அதாவது அஞ்சேகால் அடிக்கு அஞ்சேகால் அடி. அதே மண்ணு 10 டன்தான் தாங்கும்னா ஏழரை அடிக்கு ஏழரை அடி வேணும். மேஸ்திரி எல்லா இடத்துலயும் போடற அஞ்சுக்கு அஞ்சு அந்த மண்ணுல பாதி பாரத்தைத்தான் தாங்கும். இது உத்தேசக் கணக்கு, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான் பில்லருக்கு பில்லர் சரியா போடணும். எல்லையோரப் பில்லர் இன்னும் சிக்கல். ஃபுட்டிங்கைப் பக்கத்து சைட்டுக்குள்ள நீட்ட முடியாது, அதனால உள் பில்லரோட ஒரே பாதமா சேர்த்துக் கட்டற கம்பைன்ட் ஃபுட்டிங்கோ, ரெண்டு ஃபுட்டிங்கையும் இணைக்கிற ஸ்ட்ராப் பீமோ வரும். 30 அடி அகல சைட்ல இது கிட்டத்தட்ட நிச்சயம் வரும்னு வச்சுக்கோங்க.

கொட்டின மண்ணு மூணு நாலு அடிதான்னா, அதைத் தாண்டி இயற்கை மண்ணுக்கு இறங்கிடுங்க. எட்டு பத்து அடிக்கு மேலயும் லூஸா போனா பைல் (ஆழமா இறக்கற கான்கிரீட் தூண்) போடறதா, ராஃப்ட் (வீட்டுக்கு அடியில முழுசா ஒரே கான்கிரீட் பலகை) போடறதான்னு இன்ஜினியர் முடிவு பண்ணட்டும். இதை விட மோசம், பாதி சைட்ல பாறை, பாதியில மண்ணு. பாறையில நிக்கிற பக்கம் அசையாது, மண்ணுல நிக்கிற பக்கம் இறங்கும், நடுவுல சுவர் கோணலா விரியும். அந்த இடத்துல எல்லா ஃபுட்டிங்கையும் பாறை வரைக்கும் கொண்டு போறதுதான் எனக்குப் பிடிச்ச வழி.

இப்போ அந்த மூணு அடி பள்ளத்துக்கு வருவோம். சரியான வரிசை என்னன்னா, தாழ்ந்த தரையில இருந்தே குழி தோண்டுங்க. பி.சி.சி (குழி அடியில போடற கம்பியில்லாத கான்கிரீட்), ஃபுட்டிங், பில்லர் கழுத்து, பிளின்த் பீம் எல்லாம் முடிஞ்ச பிறகு உள்பக்கம் மண்ணடிங்க. ரோடு இனிமேலும் உயரும், அதனால பிளின்த், அதாவது வீட்டுத் தரை மட்டம், ரோட்டுக்கு மேல ரெண்டு அடியாவது இருக்கணும். அப்போ பழைய தரையில இருந்து அஞ்சு அடி, கீழ ஃபுட்டிங் வரைக்கும் இன்னொரு அஞ்சு அடி. கிட்டத்தட்ட பத்து அடி பில்லர் எந்தப் பிடிமானமும் இல்லாம நிக்கக்கூடாது, பழைய தரை மட்டத்துல நாலு பக்கமும் பில்லர்களை இணைக்கிற ஒரு டை பீம் ஓடணும். டிராயிங்ல அது இருக்கான்னு பாருங்க.

மண்ணு எவ்வளவு வேணும்? 900 சதுர அடிக்கு அஞ்சு அடின்னா 4,500 கன அடி, கெட்டிச்ச பிறகு. லாரியில லூஸா வர்றதால கால் பங்கு கூட்டிக்கோங்க, 5,600 கன அடிக்கு மேல ஆகும். அதை ஆறு அங்குலம் கொட்டி, தண்ணி விட்டு, காம்பாக்டர் ஓட்டி, அப்புறம் அடுத்த ஆறு அங்குலம்னு போகணும். அஞ்சு அடியும் ஒரேயடியா கொட்டி ஹோஸ் பைப்பைப் போட்டு ஊற விட்டா மேல் மண்ணு மட்டும் படியும். ரெண்டு மழைக்காலம் கழிச்சு ஸ்கர்ட்டிங்குக்குக் கீழ இடைவெளி விடும், டைல்ஸ் தட்டினா டொக்குடொக்குன்னு சத்தம் வரும். இவ்வளவு ஃபில்லிங் வர்ற இடத்துல தரைத்தளத்துக்கும் கம்பி போட்ட ஸ்லாப் ஒண்ணு பீம் மேல உக்கார வச்சா என்ன செலவுன்னு கண்டிப்பா கேட்டுப் பாருங்க. மண்ணு விலை, காம்பாக்ஷன் கூலி எல்லாம் கழிச்சா வித்தியாசம் நீங்க நினைக்கிற அளவுக்கு இருக்காது. "தாழ்வா இருக்கே, அப்படியே கார் பார்க்கிங் ஆக்கிடலாம்"னு ஒருத்தர் சொல்வார். ரோட்டுத் தண்ணி முழுக்க அங்கதான் வந்து நிக்கும்.

செட்பேக்ல அடிக்கிற மண்ணைக் காம்பவுண்ட் சுவர் தாங்கணும்ங்கறதையும் மறந்துடுவாங்க. ஆறு அங்குல சாலிட் பிளாக் சுவர் மூணு அடி ஈர மண்ணைத் தாங்காது, பக்கத்து சைட்ல சாஞ்சிடும். அடியில ஒண்ணரை, ரெண்டு அடி அகலத்துக்கு சைஸ் கல்லு கட்டடம் எழுப்பி, தண்ணி வெளியேற ஓட்டை விட்டுக் கட்டுங்க.

பிளின்த் உயரத்தை முடிவு பண்றதுக்கு முன்னாடி ரோட்டுல இருக்கிற மேன்ஹோல் எவ்வளவு ஆழம்னு அளக்கச் சொல்லுங்க. நாலு அங்குலக் குழாய்க்கு 60 அடிக்கு ஒரு அடி சரிவு வேணும். பின்பக்க பாத்ரூம்ல இருந்து ரோடு வரைக்கும் 40 அடின்னா எட்டு அங்குலம் இறங்கணும். அந்த இறக்கம் கிடைக்கலன்னா மழை நாள்ல ரோட்டுச் சாக்கடை உங்க பாத்ரூம் வழியா வீட்டுக்குள்ள வரும். அப்புறம் வால்வு வைக்கிறது எல்லாம் ஒப்பேத்தற வேலைதான்.

பேப்பரை சுருக்கமா சொல்லிடறேன், தனி வீடியோவே போட்டிருக்கோம். இ-காத்தா (சொத்து உங்க பேர்ல பதிவானதுக்கான ஆவணம்), ஈசி (வில்லங்கச் சான்று) ரெண்டும் கையில இருக்கணும். பத்திரத்துல இருக்கிற நாலு எல்லையும் அளவும் தரையில இருக்கணும். 30-க்கு 40 சரியான சைட்டா இருந்தா ரெண்டு மூலைவிட்டமும் 50 அடி வரும். ஒண்ணு 50, இன்னொண்ணு 49-ன்னு வந்தா சைட் கோணல், இல்ல யாரோ உள்ள வந்திருக்காங்க. சர்வேயரைக் கூப்பிட்டுக் கல்லு நட்ட பிறகுதான் ஆர்க்கிடெக்ட்கிட்ட போகணும். சைட்ல மரம் இருந்தா அதுக்குத் தனி அனுமதி வேணும், ராத்திரியோட ராத்திரியா வெட்டற யோசனை வேண்டாம்.

தண்ணி. போர்வெல் போடறதா இருந்தா கடைக்காலுக்கு முன்னாடியே போட்டுடுங்க, பில்லர் எழும்பின பிறகு ரிக் வண்டி உள்ள வராது. அடுத்து சம்ப். அதை முதல்ல கட்டினா வேலைக்கும் அதே தண்ணித் தொட்டி. உள்ளளவு எட்டுக்கு ஆறு, ஆறு அடி ஆழம்னா 8,000 லிட்டர் பிடிக்கும், மூணு வீட்டுக்கு இதுக்குக் குறையாம வேணும். 2024 மார்ச்ல தண்ணித் தட்டுப்பாடு வந்தப்போ குடிநீர் வாரியம் கட்டட வேலைக்குக் காவிரித் தண்ணியைத் தடை பண்ணி 5,000 ரூபாய் அபராதம் வச்சது ஞாபகம் இருக்கும். டேங்கர், போர்வெல் எதுவா இருந்தாலும் ஒரு பாட்டில் லேப்ல கொடுங்க. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது, பி.ஹெச் 6-க்குக் கீழ இறங்கக்கூடாது. 1,200 சதுர அடி சைட்ல புது வீட்டுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம், குழாய் எங்க இறங்குதுங்கறது பிளான்லயே இருக்கட்டும்.

கரையானுக்கு, 20 சதவீத குளோர்பைரிஃபாஸ் ஒரு பங்குக்கு 19 பங்கு தண்ணி. தரை கான்கிரீட் போடறதுக்கு முன்னாடி கெட்டிச்ச மண்ணு மேல சதுர மீட்டருக்கு அஞ்சு லிட்டர் விழணும். ஸ்பிரேயர்ல லேசா நனைச்சுட்டுப் போறது கணக்குல வராது.

எப்போ ஆரம்பிக்கலாம்னா, மார்கழியில பூஜை போட மாட்டீங்க, அந்த மாசத்தை ட்ரையல் பிட், சாயில் டெஸ்ட், சர்வேக்கு வச்சுக்கோங்க. தையில பூஜை போட்டா கோடை மழை வலுக்கறதுக்குள்ள பிளின்த் முடிச்சிடலாம். இங்க செப்டம்பர், அக்டோபர்லதான் கனத்த மழை, தாழ்ந்த சைட்ல அந்த நேரம் குழி வெட்டினா மோட்டார் வச்சு இறைச்சுக்கிட்டே இருக்கணும்.

அந்த மேஸ்திரியை விட்டுடணும்னு நான் சொல்லல. அவர்கிட்ட அக்ரிமென்ட்ல நாலு வரி எழுதி வாங்குங்க. சதுர அடி ரேட்டுல சம்ப், காம்பவுண்ட், ஃபில்லிங் மண்ணு அடங்குமா இல்லையா. இயற்கைத் தரையில இருந்து அஞ்சு அடிக்கு மேல போனா ஒரு அடிக்கு என்ன ரேட். பாறை வந்தா பிரேக்கர் செலவு யாருது. நாலாவது, இன்ஜினியர் ஒவ்வொரு குழியோட அடியையும் பார்த்துக் கையெழுத்துப் போடாம பி.சி.சி கொட்டக்கூடாது. பார்த்த அன்னைக்கே கொட்டிடணும். ராத்திரி மழை வந்து அடி மண்ணு சேறாயிட்டா, அந்தச் சேத்தைச் சுரண்டி எடுத்து அவ்வளவு ஆழத்தையும் பி.சி.சி-யாலயே நிரப்பணும், மண்ணைப் போட்டு மட்டம் பண்ணக்கூடாது. பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டின குழிகளை ஒரே நாள்ல திறக்க விடாதீங்க. ஒண்ணு விட்டு ஒண்ணு தோண்டி, கான்கிரீட் போட்டு மூடின பிறகு மிச்சத்தைத் தோண்டச் சொல்லுங்க.