கலண்டரைப் பார்த்து யாழ்ப்பாணம் சுத்துவம்

[காட்சி: ஏ9 வீதி. இரண்டு பக்கமும் பனை. ஓடுற வானின்ர முன் கண்ணாடிக்குள்ளால எடுத்தது.]

வணக்கம். கொழும்பில இருந்தும் வெளிநாட்டில இருந்தும் யாழ்ப்பாணம் வாற ஆக்களின்ர பயணத் திட்டத்தை வாங்கிப் பார்த்தால் ஒரே பட்டியல்தான் இருக்கும். நல்லூர், நூலகம், கோட்டை, கசூரினா, பின்னேரம் ஐஸ்கிறீம், இரவுக்கு நண்டுக்கறி. குறை சொல்லேல்ல, எல்லாம் பார்க்க வேண்டியதுதான். ஆனா இந்த மண்ணின்ர விசித்திரமான சங்கதியள் அந்தப் பட்டியலுக்குள்ள வராது. ஏனெண்டால் அதுகளில பாதி எப்பவும் இருக்கிறதில்லை. ஒரு மாசத்தில, ஒரு கிழமையில, ஒரு காத்தில வந்து போயிடும். ஆனி மாசம் வல்வெட்டித்துறைக் கடற்கரையில போய் நிண்டால் மணலும் வள்ளமும்தான். தைப்பொங்கலண்டு அதே இடத்தில நிண்டால் கால் வைக்க இடமிராது.

அதால இண்டைக்கு மப்பை மடிச்சு வைச்சிட்டு, சுவரில தொங்குற கலண்டரைப் பார்ப்பம்.

[காட்சி: வல்வெட்டித்துறை, உதயசூரியன் கடற்கரை. வானம் நிறையப் பட்டங்கள். கீழ கயிறு பிடிக்கிற பெடியள்.]

முதல் தை மாசம். பொங்கலண்டு வல்வெட்டித்துறையில நடக்கிற பட்டத் திருவிழா. இப்ப ரீவியில எல்லாம் காட்டுறதால கன பேருக்குத் தெரியும். கப்பல் பறக்கும், விமானம் பறக்கும், மேல போய்க் கை காலை ஆட்டுற உருவங்களும் பறக்கும். அதைப் பார்த்து வாயைப் பிளக்கிறதோட பலர் திரும்பிடுவினம். நான் காட்ட விரும்பிறது வேற இரண்டு சாமான்.

[காட்சி: ஒரு எட்டுமூலைப் பட்டம், நிலத்தில. கமெரா முச்சைக்குக் கிட்டப் போகுது.]

ஒண்டு, முச்சை. பட்டத்தின்ர நெஞ்சில கட்டியிருக்கிற இந்த நூல்கள் எல்லாம் ஒரு முடிச்சில சேருதெல்லோ, அதுதான். பட்டம் ஏறுறதும் குத்துறதும் இந்த முடிச்சில இருக்கு. மேல் நூலைக் கொஞ்சம் கட்டையாக்கினால் பட்டம் சரிஞ்சு படுத்துக்கொண்டு ஏறும். நீட்டினால் நிமிர்ந்து நிண்டு காத்தைக் கூட வாங்கும், கையை அறுக்கிற மாதிரி இழுக்கும். பெரிய பட்டங்களுக்கு முச்சை கட்டுறதுக்கெண்டே ஊரில சில பேர் இருப்பினம். அவை கட்டேக்க பக்கத்தில நிண்டு கதை குடுக்காதேங்கோ, பேச்சு விழும்.

மற்றது, விண். பட்டத்தின்ர தலைக்கு மேல வில் மாதிரி வளைஞ்சு நிக்குதே, அதுதான். மூங்கில் சிலாகையை வளைச்சு, இரண்டு நுனிக்கும் ஒரு தட்டை நாடாவை இழுத்துக் கட்டுவினம். முந்தி பனை நாரைச் சீவி எடுத்தவை. இப்ப பெட்டி கட்டுற பிளாஸ்ரிக் நாடாதான் கூட. காத்து அந்த நாடாவில பட, நாடா துடிக்கும். அந்தத் துடிப்புத்தான் "ங்ங்ங்" எண்டு கீழ கேட்கிற சத்தம். நாடாவை இறுக்கினால் சுருதி ஏறும், இளக்கினால் இறங்கும். வில்லின்ர இரண்டு பக்கமும் பாரம் ஒரு துளி பிசகினாலும் பட்டம் ஒரு பக்கம் சாய்ஞ்சு கொண்டே நிக்கும்.

[ஒலி: விண் கூவுற சத்தம், பத்து செக்கன். கதைக்க வேண்டாம்.]

வாடைக்காத்துக் காலத்தில சில பேர் பட்டத்தை இறக்காமல் மரத்தில கட்டிப் போட்டுப் படுத்திடுவினம். விடியவிடிய அது கூவும். நித்திரை போச்சு எண்டு பேசுற பெரிசுகளும் இருக்கினம், அந்தச் சத்தம் இல்லாட்டி நித்திரை வராது எண்டுற பெரிசுகளும் இருக்கினம். வல்வெட்டித்துறையில தங்கப் போறீங்களெண்டால் நீங்கள் எந்தக் கட்சி எண்டு அண்டிரவு தெரிஞ்சிடும்.

ஏன் இந்த மாசம்? வடகீழ்ப் பருவக்காத்து கடலுக்கு மேலால தடையில்லாமல் வாறதால ஒரே சீரா வீசும். பட்டத்துக்கு வேகத்தை விட அந்தச் சீர்தான் முக்கியம். அதோட இழுவையைக் குறைவா நினைக்காதேங்கோ. 2021 டிசம்பரில பருத்தித்துறைப் பக்கம் ஒரு பெடியன் கயிறோட சேர்ந்து வானத்துக்குப் போன வீடியோ உலகம் முழுக்கச் சுத்தினதெல்லோ? மற்றவை கையை விட்டிட்டினம், அவர் விடேல்ல. நல்ல காலம், உயிர் தப்பிட்டார்.

இந்த ஊர்க்காரருக்கு இது எப்பிடி இவ்வளவு கைவந்தது எண்டதுக்கு என்னட்ட ஒரு கணிப்பு இருக்கு. இது பாய்க்கப்பல் கட்டின ஊர். இங்க கட்டின அன்னபூரணியை ஒரு அமெரிக்கர் வாங்க, ஊர் மாலுமியளோட அது கடல் கடந்து 1938இல அமெரிக்காவின்ர குளொஸ்ரர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பாய், கயிறு, காத்து மூண்டையும் வைச்சுச் சீவிச்ச ஊர், கடலில விட்டதை இப்ப வானத்தில விடுது.

[காட்சி: கொடிகாமம் சந்தை. மரக்கறி மூட்டைகள் ஏறுது.]

வல்வெட்டித்துறைக்குப் போற வழியை நான் கொஞ்சம் சுத்தித்தான் சொல்லுவன். ஏ9 வீதியில கொடிகாமத்தில இறங்குங்கோ. அங்க இருந்து பருத்தித்துறைக்குத் தட்டிவான் ஓடும். மரத்தில அடிச்ச உடம்பு, யன்னலுக்குக் கண்ணாடி இல்லை, பின்னால சங்கிலியில தொங்குற ஒரு பலகைத் தட்டி. தேங்காய் மூட்டை, வாழைக்குலை, கடகம், சைக்கிள் எல்லாம் அந்தத் தட்டியில. பஸ்ஸில ஏத்த மாட்டினம் எண்டுற சாமானோட வாற வியாபாரப் பெண்களுக்காகத்தான் இது இண்டைக்கும் ஓடுது. காட்சிப் பொருள் எண்டு நினைச்சு ஏறி, அவையின்ர இடத்தைப் பிடிச்சுக்கொண்டு படம் எடுக்கிறது சரியில்லை. மூட்டை ஏறி முடியட்டும், பிறகு நீங்கள் ஏறுங்கோ.

[காட்சி: பருத்தித்துறை, தெருமூடிமடம். கூரைக்குக் கீழால ஒரு மோட்டச்சைக்கிள் போகுது.]

பருத்தித்துறையில தெருமூடிமடம். வழிப்போக்கர் இளைப்பாறக் கட்டின மடம் எங்கட பக்கம் கனக்க இருந்தது, எல்லாம் ரோட்டுக்கரையில. இது ரோட்டுக்கு மேலயே கூரையைப் போட்டிருக்கு. இரண்டு பக்கமும் திண்ணையும் தூணும், நடுவால ரோட்டு. வாகனங்கள் மடத்துக்குள்ளாலதான் போய் வருகுது. வெயிலுக்கு அந்தத் திண்ணையில ஒரு பத்து நிமிசம் இருந்து பாருங்கோ, கட்டினவரின்ர மூளை விளங்கும்.

கையில ஒரு பை பருத்தித்துறை வடை இருந்தால் இன்னும் திறம். உழுந்து, மா, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம் சேர்த்து மெல்லிசாத் தட்டி, மொரமொரப்பாய்ப் பொரிச்சது. கனநாள் கெடாது. கனடாவுக்குப் போற ஒவ்வொரு பெட்டியிலயும் ஒரு பார்சல் இருக்கும்.

[காட்சி: மணற்காடு. மணலுக்குள்ள நிக்கிற பழைய தேவாலயச் சுவர்.]

கிழக்கால கொஞ்சத் தூரத்தில வல்லிபுர ஆழ்வார் கோயில். 1936இல எழுத்துப் பொறிச்ச பொன்னேடு கிடைச்ச ஊர் அது. புரட்டாதியில கடல் தீர்த்தத்துக்குச் சனம் மணல் வெளியால நடந்து கடலுக்குப் போகும். அதையும் தாண்டினால் மணற்காடு, மணல் குன்றுகள், சவுக்கு மரங்கள், மணலுக்குள்ள இடிஞ்சு நிக்கிற பழைய அந்தோனியார் கோயில். மத்தியானத்தில போகாதேங்கோ, கால் வெந்திடும்.

[காட்சி: மட்டுவில், பன்றித்தலைச்சி அம்மன் கோயில் வீதி. வரிசையா அடுப்புகள், புகை.]

பங்குனி மாசத் திங்கட்கிழமை எண்டால் தென்மராட்சி, மட்டுவில். பசுத்தலை ஒண்டைப் பன்றித்தலையா மாத்தி, தஞ்சம் எண்டு வந்தவனை அம்மன் காப்பாத்தினா எண்டு கதை. அண்டைக்குக் குடும்பம் குடும்பமா வந்து கோயில் வீதியில கல்லு வைச்சுப் பொங்குவினம். பொங்கலோட கத்தரிக்காய்க் கறி. மட்டுவில் முட்டிக்கத்தரிக்குத் தனிப் பேர். உருண்டை, உள்ளுக்குச் சதை கூட. பக்கத்து அடுப்புக்காரர் கூப்பிட்டுத் தந்தால் வாங்கிச் சாப்பிடுங்கோ, மறுத்தால்தான் பிழை.

[காட்சி: ஒரு ஆலமரத்தடி. நடுவில் மணல். சுத்தி நிக்கிற ஆக்கள், கையில தேங்காய்.]

சித்திரை. வருசப்பிறப்புக்கு மருத்துநீர் வைச்சு முழுகி, கைவிசேஷம் வாங்கி, சாப்பிட்டு முடிய ஆம்பிளையள் மெல்ல ஒதுங்கிற இடம் இது. போர்த்தேங்காய். ஒருவர் தன்ர தேங்காயை நிலத்தில வைப்பார். மற்றவர் தன்ர தேங்காயைக் கையில பிடிச்சு ஓங்கி அடிப்பார். எது உடையுதோ அது தோல்வி. பிறகு முறை மாறும். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனா அதுக்குப் பின்னால நடக்கிற ஆராய்ச்சியைப் பாருங்கோ.

[காட்சி: உரிச்ச தேங்காய் ஒண்டு, கைக்குள்ள. விரலால தட்டுறது.]

காய் சின்னனா இருக்கோணும், சிரட்டை தடிப்பா இருக்கோணும். எந்த வளவில எந்தத் தென்னை அப்பிடிக் காய்க்கும் எண்டு ஊரில பேர் சொல்லுவினம். தும்பை முழுக்கச் சுரண்டி எடுத்து, விரலால தட்டிக் காதில வைச்சுக் கேட்பினம். கையில பிடிக்கேக்க கூர்ப்பக்கம் வெளியால வரோணும், மூண்டு கண்ணும் இருக்கிற பக்கம் உள்ளங்கைக்குள்ள.

இதில விஞ்ஞானம் என்னெண்டால், இரண்டு காய் மோதேக்க இரண்டிலயும் படுற விசை ஒரே அளவு. அடிக்கிறவருக்கு ஒரு சலுகையும் இல்லை. வித்தியாசம் சிரட்டையிலயும் வளைவிலயும்தான் இருக்கு. வளைவு கூடின கூர்ப்பக்கம் விசையைச் சுத்திவரப் பங்கிட்டுத் தாங்கும், தட்டையான விலாப்பக்கம் வெடிக்கும். அதாலதான் "எங்க அடிக்கிறாய்" எண்டு இவ்வளவு சண்டை. கைவிரல் நசிஞ்ச கதைகளும் கனக்க இருக்கு, அதால சின்னப் பிள்ளையளைக் கிட்ட விடாதேங்கோ.

மாட்டுவண்டிச் சவாரியும் இந்த நாளுகளிலதான் கூட நடக்கும். அது கேட்டுத்தான் அறியோணும். சந்தியில இருக்கிற சலூன் அல்லது தேத்தண்ணிக் கடை, இணையத்தை விட நம்பகம்.

[காட்சி: கீரிமலைக் கேணி. சுவருக்கு அங்கால கடல் அலை.]

ஆடி. ஆடி அமாவாசைக்குக் கீரிமலை. தகப்பனை இழந்தவை வந்து பிதிர்க்கடன் செய்து தீர்த்தமாடுற நாள், பெரிய சனம். மற்ற நாளில வந்தால் ஆறுதலாக் குளிக்கலாம். ஆம்பிளையளுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணி.

கேணிக்கும் கடலுக்கும் நடுவில ஒரு சுவர்தான். கடல் உப்பு, கேணி நன்னீர். இதுக்கு விடை வேணுமெண்டால் உள்ளுக்கு ஒரு பயணம் போவம், புத்தூர்ப் பக்கம் நிலாவரைக்கு.

[காட்சி: நிலாவரைக் கிணறு. மேலயிருந்து. பச்சைத் தண்ணி.]

அடியில்லாத கிணறு எண்டுவினம். இராமர் அம்பு விட்டுத் திறந்தது எண்டு கதை. அடி இருக்கு, ஆனா ஆழம் சாதாரணமில்லை. மேல் தண்ணி நன்னீர், கீழ போகப் போக உப்பு.

காரணம் எங்கட காலுக்குக் கீழ இருக்கிற சுண்ணாம்புக்கல்லு. மழைத்தண்ணி மெல்ல மெல்லக் கல்லைக் கரைச்சுக் குகையும் வழியுமாக்கி வைச்சிருக்கு. மேல பெய்யிற மழை அதுக்குள்ள இறங்கும். நன்னீர் பாரம் குறைவு, கடல்நீர் பாரம் கூட. அதால எண்ணெய் தண்ணியில மிதக்கிற மாதிரி நன்னீர் உப்புநீருக்கு மேல மிதக்குது. கடல் மட்டத்துக்கு மேல 1 மீற்றர் நன்னீர் இருந்தால் கீழ ஏறக்குறைய 40 மீற்றருக்கு நன்னீர் இருக்கும் எண்டது கணக்கு. கரையில அந்தத் தண்ணி ஊற்றாய் வெளிய வருகுது, அதுதான் கீரிமலை. நிலாவரையில கூரை இடிஞ்ச குகைக்குள்ளால அதே தண்ணியை நீங்கள் மேலயிருந்து பார்க்கிறீங்கள்.

இதில இன்னொரு பக்கமும் இருக்கு. மேல 1 மீற்றர் இறைச்சால் கீழ உப்பு 40 மீற்றர் ஏறப் பார்க்கும். யாழ்ப்பாணத்தார் ஏன் கிணத்தைப் பற்றி இவ்வளவு பயந்து கதைக்கினம் எண்டு வெளியூர்க்காரர் கேட்கிறவை. விடை இந்தக் கிணத்துக்குள்ளதான் கிடக்கு.

[காட்சி: குறிகட்டுவான் துறை. படகில ஏறுற சனம். பிறகு நெடுந்தீவு, கல்வேலிகள்.]

கலண்டரில குறிக்கத் தேவையில்லாத இடம் நெடுந்தீவு. ஆனா இதையும் மாரி மழை முடிஞ்ச கையோட பாருங்கோ எண்டுதான் சொல்லுவன். கோடையில அங்கத்தைக் குதிரையள் தண்ணிக்குத் தவிக்கிறதைப் பார்க்க மனம் கேளாது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரையளின்ர வழி வந்ததெண்டு சொல்லுவினம், இப்ப ஆளில்லாமல் வெளியில மேயுது. வீட்டு வேலியெல்லாம் முருகைக்கல்லை அடுக்கினது, சாந்தே பூசாமல். ஆபிரிக்காவில இருந்து வந்த பெருக்கமரம் ஒண்டும் நிக்குது, அதின்ர பொந்துக்குள்ள ஆள் போய் நிக்கலாம்.

குதிரைக்குக் கிட்டப் போய்த் தடவ வெளிக்கிடாதேங்கோ, உதைக்கும். முருகைக்கல்லைப் பையில போடாதேங்கோ, அது ஒருவரின்ர வேலி. குறிகட்டுவானில படகு ஏறேக்கயே திரும்பி வாற கடைசிப் படகு எத்தினை மணிக்கு எண்டு கேட்டு வையுங்கோ. கடல் எழும்பினால் அந்த நேரமும் மாறும், அதால மாத்துச் சாறம் ஒண்டும் பையில இருக்கட்டும்.