சதவீதம் ஒன்றுதான், சேர்மங்கள் மூன்று: மூலக்கூறு வாய்பாட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

[திரையில்: வினிகர் பாட்டில், தயிர்க் கிண்ணம், குளுக்கோஸ் பொட்டலம்]

வினிகரில் அசிட்டிக் அமிலம். தயிருக்குப் புளிப்பைத் தருவது லாக்டிக் அமிலம். மூன்றாவது குளுக்கோஸ். மூன்றையும் தூய நிலையில் எடுத்து, எரித்துப் பகுப்பாய்வு செய்தால் ஒரே விடைதான் வரும்: கார்பன் 40 சதவீதம், ஹைட்ரஜன் 6.7, ஆக்சிஜன் 53.3.

[திரையில்: கணக்கு]

சேர்மம் 100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தனிமத்தின் கிராமையும் அதன் அணு நிறையால் வகுப்போம்: கார்பன் 12, ஹைட்ரஜன் 1, ஆக்சிஜன் 16. 40-ஐ 12-ஆல் வகுத்தால் 3.33. 6.7-ஐ 1-ஆல் வகுத்தால் 6.7. 53.3-ஐ 16-ஆல் வகுத்தால் மறுபடியும் 3.33. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்களின் விகிதம் 1 : 2 : 1. இது எளிய விகித வாய்பாடு, நிறை 12 + 2 + 16 = 30. தேர்வில் பலர் இங்கேயே பேனாவை மூடிவிடுகிறார்கள்!

எத்தனை மடங்கு என்பது இன்னும் தெரியவில்லையே. மோலார் நிறையை, அதாவது ஒரு மோல் சேர்மம் எத்தனை கிராம் என்பதை, 30-ஆல் வகுத்தால் அது தெரிந்துவிடும். அசிட்டிக் அமிலம் 60, எனவே 2 மடங்கு. லாக்டிக் அமிலம் 90, 3 மடங்கு. குளுக்கோஸ் 180, 6 மடங்கு: கார்பன் 6, ஹைட்ரஜன் 12, ஆக்சிஜன் 6. ஃபிரக்டோசுக்கும் இதே வாய்பாடுதான்; அணுக்கள் இணைந்திருக்கும் விதம் வேறு. அதை இந்தக் கணக்கு காட்டாது.

[திரையில்: பனிக்கட்டித் தொட்டியில் சோதனைக் குழாய், வெப்பமானி]

மோலார் நிறையை அளக்க இன்று நிறை நிறமாலைமானி இருக்கிறது. நல்ல வெப்பமானி ஒன்றும் போதும். 100 கிராம் நீரில் 9 கிராம் குளுக்கோஸ், அதாவது ஒரு கிலோ நீருக்கு 90 கிராம். ஒரு கிலோ நீரில் ஒரு மோல் கரைந்தால் உறைநிலை 1.86 டிகிரி இறங்கும். நம் கரைசல் 0.9 டிகிரி இறங்கியதாக வைத்துக்கொண்டால், 90-ஐ 1.86-ஆல் பெருக்கி 0.9-ஆல் வகுக்க, 186 வருகிறது. 180 வரவில்லையே என்று பதற வேண்டாம். 186-ஐ 30-ஆல் வகுத்தால் 6.2. மடங்கு முழு எண்ணாகத்தான் இருக்க முடியும், ஆகவே 6. அளவீடு இந்த அளவுக்குப் பிசகினாலும் வாய்பாடு பிசகாது.

[திரையில்: இரண்டு அசிட்டிக் அமில மூலக்கூறுகள் நெருங்கி ஒட்டுகின்றன]

அசிட்டிக் அமிலத்திடம் மட்டும் உஷாராக இருங்கள். அதை பென்சீனில் கரைத்து உறைநிலையைப் பார்த்தால் மோலார் நிறை 120-ஐ ஒட்டி வரும்; மடங்கு 4 என்று எழுதிவிடுவோம். மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்துகொண்டதுதான் காரணம். நீரில் கரைத்தால் ஜோடிகள் பிரிந்துவிடும். விடை 60-ஐ நெருங்கும்.